எதுலயும் நுரைக்கலன்னா

அடிப்பாவி, அந்த அட்டையை இன்னுமா வைத்திருந்தாய்? இன்று காலை பள்ளி பீரோவில் சாக்பீஸ் தேடினேன். 'மிஷின்' என்று எழுதி நூல் கோத்த அட்டை காலில் விழுந்தது. உன் கையெழுத்து. "இன்னா டீச்சர் அது?" என்று நாலாம் வகுப்பு சூழ்ந்துகொண்டது. உன்னைப் பார்த்தேயிராத பிள்ளைகள்.

ஆசிரியர் பயிற்சியில், எதையும் கணினிக்குச் சொல்வதுபோல் படிப்படியாக எழுதப் பழக்குங்கள், கணினிச் சிந்தனை, கணினிச் சிந்தனை என்று நாளெல்லாம் பேசினார்களே. நம் பள்ளியிலோ மின்விசிறியே ஒழுங்காகச் சுற்றாது. "கம்ப்யூட்டர் இல்லன்னா இன்னாடி, நான் இருக்கேன்ல" என்று அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாய். அன்று அறிவியலில் தண்ணீர்ப் பாடம். எந்த பம்பில் நல்ல தண்ணீர் என்று மிஷின் கண்டுபிடிக்க வேண்டும். வழியைப் பிள்ளைகள் எழுதித் தர வேண்டும். எழுதினார்கள்: பாட்டிலில் தண்ணி பிடி, சோப்புத் துண்டு போடு, குலுக்கு, நுரைத்தால் நில், நுரைக்காவிட்டால் அடுத்த பம்புக்குப் போ.

இந்த உப்பேரிக் கரைக் குப்பத்தில் எந்த பம்பில் நுரைக்கும்? எல்லாம் உப்பு. கடைசி பம்பு வரை போய்விட்டுத் திரும்ப முதல் பம்புக்கு வந்தாய். மறுபடி ஆரம்பித்தாய். பின்னாலேயே பிள்ளைகள், "நில்லு டீச்சர், போதும் டீச்சர்!" வலை தைத்துக்கொண்டிருந்தவர், "டீச்சருக்கு இன்னா ஆச்சு, காத்து கருப்பு அடிச்சிடுச்சா?" என்று எழுந்தே விட்டார். நீ சிரிக்கவில்லை. "மிஷினுக்குக் காது கெடையாது. எழுதிக் குடுத்தத மட்டும்தான் செய்யும்."

கடைசியில் ஒரு சிறுமி ஓடிவந்து உன் காலடி மணலில் எழுதினாள்: 'எதுலயும் நுரைக்கலன்னா தண்ணி லாரிக்குப் போன் பண்ணு.' அப்போதுதான் நின்றாய். "முடியலன்னா இன்னா பண்றதுன்றதையும் சேத்து எழுதணும், புரியுதா?" என்று அவளைத் தூக்கிச் சுற்றினாய்.

பிறகு ஒருநாள் காய்ச்சலென்று லீவு சொன்னாய். வரவே இல்லை. உன் இடத்துக்கும் யாரும் வரவில்லை. ஐந்து வகுப்புக்கும் நான் ஒருத்திதான்.

எனக்கு மாறுதல் கிடைத்துவிட்டது, தெரியுமா? மகளும் அவள் அப்பாவும் இருக்கும் ஊருக்கே. ஆனால் மாற்று ஆசிரியர் வந்தபின்தான் விடுவிப்பார்களாம். யார் வருவார்கள்? வந்து பார்க்கிறவர்கள் அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிடுகிறார்கள். "எப்பம்மா வருவ?" என்று தினமும் போனில் கேட்கும் மகள், நேற்று "சாப்டியா" என்று மட்டும் கேட்டுப் போனை வைத்துவிட்டாள். நீ மட்டும் தப்பித்துக்கொண்டாயே என்று செத்துப்போன உன்மேல்கூடக் கோபம் வந்தது.

இன்று மாலை கல்வி அலுவலகத்துக்கே போய்விட்டேன். "ஆளே வரலன்னா இன்னா சார் பண்றது? அத ஆர்டர்ல எழுதலியே" என்றேன். உன் வாய் எனக்கு எப்போது ஒட்டியதோ! அலுவலர் கோபப்படவில்லை. களைப்பாகத்தான் சொன்னார்: "போங்க மேடம், நான் தடுக்கல. ஸ்கூலப் பூட்டி சாவியக் குடுத்துட்டுப் போங்க. புள்ளைங்கள ஏரிக்கு அந்தாண்ட ஸ்கூல்ல சேத்துக்குவாங்க."

தினமும் படகில் போய்வருகிற வயசா அதுகளுக்கு?

சாவி கைப்பையில்தான் இருந்தது. எடுத்து மேசைமேல் வைக்க எவ்வளவு நேரம் ஆகும்? பையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். மகளுக்கு இன்றைக்கு நான் என்னடி சொல்வேன்?