பிசிறு என்று வெட்டியது

ஐப்பசி 4, திங்கள்
மழை. குடை கிழிசல், தைக்கணும்.

கடையின் இணையப் பக்கத்துக்கு இன்று நானே சக்கரவர்த்தி. அண்ணன் மகள் மீனா செய்த பக்கம். ஏதோ மென்பொருளில் குறிப்பாக எழுதி, பொத்தானை அமுக்கினால் வலைப்பக்கமாக வெளியே வருமாம். சேலை விலை மாற்ற அவள் கடவுச்சொல்லையே தந்திருக்கிறாள். வெளியே வந்த வலைப்பக்கத்தைத் திறந்தால் தலைமாட்டில் நீளமான ஆங்கிலப் பத்தி. படமில்லை, விலையில்லை. சேலையின் பின்பக்கம் தொங்கும் நூல் மாதிரி. பிறக்கும்போதே கத்திரியோடு பிறந்தவன் நான். பிசிறு கண்டால் கை நிற்குமா? வெட்டினேன்.

5, செவ்வாய்
தூறல். கடை மின்னஞ்சலில் முன்பின் தெரியாத ஒருவர். தமிழாக்கிப் படித்தேன்: உங்கள் பக்கத்தில் ஓடும் நிரல் நாங்கள் எழுதியது. யாரும் எடுக்கலாம், மாற்றலாம், காசு வேண்டாம். தலைமாட்டில் எங்கள் பெயரோடு இருக்கும் உரிமக் குறிப்பை மட்டும் நீக்கக் கூடாது. திரும்ப வையுங்கள்.

மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறார். அதுதான் பயம். ஏழு கண்டத்துப் போலீசும் சேவூர் சாலையில் வருவதுபோல் ஒரு இரைச்சல். வந்தது டவுன் பஸ்.

சாயங்காலம் மீனா: "சித்தப்பா, நாளான்னிக்கு இன்டர்வியூ. ஃப்ரீ சாஃப்ட்வேர் கம்பெனி. லைசென்ஸ் விஷயத்துல ரொம்ப கறார். நம்ம பக்கத்ததான் காட்டப் போறேன். இன்னாத்துக்கு இப்படி வேர்க்குது? மழை பெஞ்சிகினு இருக்குது!"

"மிளகா கடிச்சிட்டேன்," என்றேன். வாயில் எச்சில்கூட இல்லை.

6, புதன்
வெட்டிய பத்தி போன இடம் தெரியவில்லை. பக்கத்தின் நெற்றியில் அம்புபோல ஒரு குறி மட்டும் தனியாக. அரைகுறையாக வெட்டி விட்ட முடிச்சு. வலைப்பக்கம் விதிப்படி இருக்கிறதா என்று சோதிக்கும் தளத்தில் போட்டேன். வரிக்கு வரி சிவப்பு. அரக்குச் சேலை வெட்கப்படும்.

மீனாவிடம் சொல்லிவிட்டேன்.

"ஐயோ, வெட்டிட்டீங்களா? அது பிசிறு இல்ல சித்தப்பா, நெய்ஞ்சவங்க பேரு! யாரு வேணா கட்டிக்கலாம். பேர வெட்டினா திருட்டு."

அவள் எழுதிய மூலக் குறிப்பு பத்திரமாக இருந்ததாம்; மறுபடி பொத்தானை அமுக்கினாள். பத்தி வந்தது, அம்பு போனது, சிவப்பும் போனது. மின்னஞ்சல்காரருக்கு மன்னிப்பும் எழுதினாள். ஆனால் யார் வெட்டியது என்ற பதிவு அழியாதாம். அதில் இருப்பது அவள் பெயர்.

7, வியாழன்
வெயில். பக்கத்து வீட்டு விசைத்தறியை நிறுத்தச் சொல்லிக் காலில் விழாத குறை. மீ. மாடி அறையில், கணினி முன்னால். நான் கதவுக்கு வெளியே, மூச்சை அடக்கி.

கணினியில் ஒரு பெண் குரல்: "லைசென்ஸ ஏன் எடுத்தீங்க?"

"எங்க சித்தப்பா மேடம். பட்டுச்சேலைக்குப் பிசிறு வெட்றவரு. இதையும் பிசிறுன்னு நெனச்சிட்டாரு."

கதவில் காதை ஒட்டினேன். ஒரு சத்தம். சிரிப்பா, இருமலா, தெரியவில்லை.

வெளியே வந்தாள். "இன்னாம்மா சொன்னாங்க?" என்றேன்.

"போன் பண்றாங்களாம்." என் சட்டைப்பையில் கைவிட்டுக் குட்டிக் கத்திரியை எடுத்துக்கொண்டாள். "வேலை கெடச்சாதான் தருவேன்."

8, வெள்ளி
மறுபடி மழை. போன் வரவில்லை. கடையில் எல்லாச் சேலையிலும் நூல் தொங்குகிறது.