வெளியே ஒன்றும் தெரியாது

தம்பி,

இன்று பேத்தி அட்டனிலிருந்து இறால் வாங்கி வந்தாள். தலையைக் கிள்ளியதும், உள்ளிருந்த ஈரலைப் பிதுக்கி நிறம் பார்த்தேன். பழுப்புதான், வெளுக்கவில்லை. பார்க்கப் பழக்கியவன் நீ.

எண்பதுகளின் கடைசியில் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டை விட்டுச் சிலாபம் கடற்கரைப் பக்கம் இறால் குளத்து வேலைக்குப் போனாய். "குளம் நல்லா வந்தா அங்க வீடு தர்றாங்களாம். ஒன்னையும் புள்ளைங்களையும் கூட்டிக்கிட்டுப் போயிருவேன்க்கா." அந்தச் சொல்லை நம்பித்தான் மழையில் கொழுந்தெடுத்தேன்.

தீபாவளிக்கு வந்தபோது உன் முகத்தில் களையில்லை. ஒரு குளத்தில் இறால் கறுத்து, தீனி எடுக்காமல், ஓரத்தில் அசையாமல் கிடக்கிறது என்றாய்.

"கொப்புளம் விழுந்த கொழுந்தக் கிள்ளிப்போட்டா செடி பொழைக்கும்டா. நோவுள்ளத அள்ளிப்போட்டுட்டு, நல்லத வேற குளத்துக்கு மாத்து."

"எறால் என்ன தேயிலையாக்கா?" என்று சிரித்தாய். ஆனால் போய் அதைத்தான் செய்தாய்.

அடுத்த குளமும் போயிற்று. சோதிக்க வந்தவர் ஈரலைக் கண்ணாடித் துண்டில் நசுக்கி, மைக்ரோஸ்கோப்பில் உனக்குக் காட்டினாராம். "ஈரல் பூராவும் சின்னச் சின்ன அறைக்கா. அறைக்குள்ள மொளகாட்டம் உருண்டை உருண்டையா இருக்கு, வைரசு கட்டுனது. அறை வீங்கி வெடிச்சா பக்கத்து அறைக்குப் போகுது. நல்லதுன்னு மாத்துனோமே, அதுக்குள்ளயும் இருந்திருக்கு. வெளிய ஒண்ணும் தெரியாது."

குளம் தாங்காத அளவுக்கு இறாலை அடைத்தது முதலாளி. பழி உனக்கு. வேலையிலிருந்து அனுப்பிவிட்டார். அந்த ஆளை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை. யோசனை சொன்னது அக்கா என்று நீ அவரிடம் மூச்சுவிடவில்லை; அதற்காக உன்னையும் மன்னிக்கவில்லை.

திரும்பி வந்தவன் வாசலோரத்திலேயே உட்கார்ந்திருந்தாய். முகம் கறுத்திருந்தது. தட்டில் ரொட்டி காய்ந்தது. வீடு போன ஆத்திரம் எனக்கு.

"தொரைக்கு எங்க ரொட்டி எறங்காதோ? கடல் சாப்பாடு கேக்குதோ?"

தட்டை என் பக்கம் நகர்த்தி வைத்தாய். கண் மஞ்சளித்த பிறகுதான் கம்பளியில் போட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கினோம். "ஈரல் கெட்டுப்போச்சு, பிந்திட்டீங்க," என்றார் டாக்டர்.

கறுக்கும், தீனி எடுக்காது, ஓரத்தில் அசையாமல் கிடக்கும். எல்லாம் நீயே சொல்லியிருந்தாய், தம்பி.

இன்று குழம்பு ஊற்றியதும் பேத்தி தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள். பசியில்லையாம். வெளிச்சத்துக்கு இழுத்துவந்து இமையை விலக்கிப் பார்த்தேன்.

"என்ன அம்மாயி, வலிக்குது!"

வெள்ளையாகத்தான் இருந்தது. மற்றக் கண்ணையும் பார்த்தேன்.