மலாக்காவின் சிறந்த மிடில்வெயிட்

ஆகஸ்ட் 11, ஞாயிறு

காலையிலிருந்து மழை. கூரையில் வழக்கமான இடத்தில் ஒழுகல். கீழே வாளி. சட்டை ஒன்றும் காயவில்லை.

நோட்டை முடித்தாக வேண்டும். 24ஆம் தேதி மன்றக் கூட்டம். மெர்டேக்கா சுதந்திர நாள் விளையாட்டு விழா மேடையில் ஒரு நாற்காலி, தோளில் போட ஒரு பட்டுப் பட்டை. 'மலாக்காவின் சிறந்த மிடில்வெயிட்'. யார் என்று பட்டியல் படிக்க வேண்டியது நான். குத்துச்சண்டை முடிவுகளைப் பேப்பரிலிருந்து வெட்டி ஒட்டுகிற பைத்தியம் இந்த ஊரில் நான் ஒருவன்தானே.

போட்டி இருவருக்குள்தான்.

யங் ரத்னம், யுத்தத்துக்கு முந்திய சாம்பியன். வெற்றி 19, தோல்வி 4, சமன் 2.
ஜோ, யுத்தத்துக்குப் பிந்தியவன், கடலோரத்துப் போர்த்துகீசிய ஆள். வெ. 24, தோ. 3, ச. 1.

ரத்னம் என் அக்காள் கணவர். தலைவலி அங்கேதான். 'வெற்றி யாருக்கு அதிகமோ அவருக்கே நாற்காலி, சொந்தபந்தம் கிடையாது' என்று போன மாதம் எழுந்து நின்று பேசித் தீர்மானம் போட வைத்தவனும் நானே. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

சோப்பு, பிளேடு, பசை வாங்க.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

வெயில். கடையில் ரப்பர் ஷீட் அதிகம். கை முழுக்கப் புகைநாற்றம்.

மத்தியானம் கடை முதலாளி தவுக்கே சொன்னார், இதே தராசில்தான் அந்தக் காலத்துக் குத்துச்சண்டைக்காரர்களுக்கு எடை போடுவார்களாம். 120 கட்டி எடை, அதாவது 160 பவுண்டு, வந்தால் மிடில்வெயிட். அத்தான் 112தான் இருப்பாராம். மடியில் ஈயக்குண்டு கட்டிக்கொண்டு தராசில் ஏறுவாராம். சிரித்துக்கொண்டே சொல்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எட்டு கட்டி குறைந்தவர் வாங்கிய 19ஐ, டாக்டர் வைத்து எடை பார்க்கும் காலத்து 24உடன் எப்படி ஒப்பிடுவது? அப்போது ஆறு சுற்று, இப்போது பத்து. அப்போது நடுவர் யார்? பெரும்பாலும் சண்டை நடத்துகிற கேளிக்கைப் பார்க் முதலாளியின் மைத்துனன்.

இதில் பெயர்க் கூத்து வேறு. ஒரே ஆள் ஈப்போவில் 'டைகர்', சிரம்பானில் 'யங்', சிங்கப்பூரில் 'கிட்'. ஊருக்கு ஒரு பெயர். எல்லாரையும் பிரித்துச் சேர்த்து ஒழுங்கு பண்ண இரண்டு வருடம் ஆனது. இனி இந்த நோட்டில் ஒரு பெயர்கூடத் தப்பில்லை. அந்த ஒரு திருப்தி மட்டும் மிச்சம்.

ஆகஸ்ட் 14, புதன்

அக்காவை மார்க்கெட்டில் பார்த்தேன். மீன் பேரம் நடுவில் நிறுத்தினாள்.

"எல்லாத்தையும் எண்ணிட்டியா?"

"எண்ணிட்டேன்கா."

"நல்லா எண்ணினியா?"

"பத்தொம்பதுதான் வருது."

என்னை ஒரு பார்வை. பிறகு மீன்காரனிடம் திரும்பிவிட்டாள். போய்ட்டு வரேன் என்றேன். மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் என்ன, இல்லாத வெற்றியை உண்டாக்கவா முடியும்?

ஆகஸ்ட் 18, ஞாயிறு

சைக்கிளில் புக்கிட் பாரு, அக்கா வீட்டுக்கு. ஏற்றத்தில் சங்கிலி கழன்றது. கையெல்லாம் கரி. அக்கா கோயிலுக்குப் போயிருந்தாள். நல்லது என்று நினைத்தேன். அத்தானிடம் நேராகச் சொல்லிவிடலாம்.

சொன்னேன். அவர் தலையாட்டினார், வாழைக்கன்றுக்கு மண் அணைத்தபடியே. "ஜோ நல்ல ஆளுலா. அவனுக்கே குடு."

அவ்வளவு சாதுவாகச் சொன்னதில் எனக்குத்தான் கோபம். நோட்டைப் பிரித்துக் காட்டினேன். உங்கள் காலத்தில் எப்படிப்பட்டவன் எல்லாம் பெயர் வாங்கினான் பாருங்கள், இந்த பேட்லிங் ராஜா, சிரம்பானிலும் கோலாலம்பூரிலும் வெ. 12, கடைசியில் இரண்டாம் சுற்றில் தாடையில் ஒரு குத்து, படுத்துவிட்டான், அப்புறம் ஆளையே காணோம், பயந்தாங்கொள்ளி என்றேன். பக்கத்தின் ஓரத்தில் அப்படியே எழுதியும் வைத்திருக்கிறேன்.

"தாடை இல்ல. வயிறு" என்றார் அத்தான்.

"பேப்பர்ல தாடைனு போட்டிருக்கு."

"பேப்பர்காரன் வயித்துலயா விழுந்துச்சு?" மண்வெட்டியைக் கீழே வைத்தார். வலது விலா எலும்புக்குக் கீழே ஒரு விரலை வைத்துக் காட்டினார். "இங்க."

எனக்கு உடனே புரியவில்லை. மடையன். தேதிகளைப் பார்த்தேன். யங் ரத்னத்தின் கடைசிச் சண்டை முடிந்து ஐந்து மாதத்தில் ராஜாவின் முதல் சண்டை. நடுவில் அக்கா கல்யாணம்.

அப்பா பெண் கொடுக்கும்போது போட்ட நிபந்தனை ஊரறிந்தது. துக்காங் எமாஸ் தெருப் பிள்ளையார் கோயிலில் அக்காவைப் பக்கத்தில் நிறுத்திக் கற்பூரம் அணைத்துச் சத்தியம். இனி ரிங் ஏற மாட்டேன். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. சர்க்கரைப் பொங்கல் மட்டும் ஞாபகம்.

"ஏன் ஏறினீங்க?"

"கை சும்மா இருக்கலடா. லோரில சரக்கு ஏத்திக்கிட்டுப் போவேன். வழியில ஆட்டம். வேற பேரு. யாருக்குத் தெரியப் போவுது."

19 + 12 = 31. ஜோவுக்கு 24. நாற்காலி அத்தானுடையது. அதைச் சொன்னேன்.

"அக்காவுக்குத் தெரிஞ்சா? சாமி முன்னால சொன்னதே பொய்யின்னா, மத்ததெல்லாம் என்னான்னு கேப்பா. இருபது வருசம் ஆச்சு. நாற்காலிக்காக அதைக் கெடுத்துக்கணுமா?"

என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினார். சத்தியத்தை மீறிய மனிதர் என்னிடம் சத்தியம் வாங்குகிறார். செய்துகொடுத்தேன்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

புழுக்கம். கடையில் எடையைத் தப்பாக எழுதி இரண்டு முறை திட்டு.

சாயங்காலம் மன்றச் செயலாளர் காதர் நானாவின் துணிக்கடை. வெற்றி எண்ணிக்கை மட்டும் வேண்டாம், எடை வித்தியாசத்தையும் சேர்த்துப் பார்க்கலாமே என்று மெல்ல எடுத்தேன்.

"ஏன் தம்பி, தீர்மானம் போட்டதே நீங்கதானே. இப்ப மச்சான் தோக்கறாருன்னு மாத்தணுமா?"

காது சுட்டது. ராஜா விஷயம் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன். அக்கா சேலை எடுப்பது இந்தக் கடையில்தான். இவரிடம் சொன்னால் நான் வீடு போவதற்குள் புக்கிட் பாரு போய்ச் சேர்ந்திருக்கும்.

வீடு வந்து ராஜா பக்கத்து 'பயந்தாங்கொள்ளி'யை அழித்தேன். மை. போகவில்லை. காகிதம் கிழிந்தது.

ஆகஸ்ட் 24, சனி

லேசான தூறல். கூட்டம். பதினொரு பேர். தேநீர், பிஸ்கட்.

படித்தேன். ஜோ 24. ரத்னம் 19. 'சரியான கணக்கு' என்று காதர் நானா முதுகில் தட்டினார். நேர்மையான மனிதன் என்று ஒருவர் பாராட்டி இரண்டு நிமிடம் பேச்சு. பொய்க் கணக்கைப் படித்துவிட்டு அதைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

கதவோரம் அத்தான். எல்லாரையும் விடச் சத்தமாகக் கைதட்டினார். ஜோவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஜோ குனிந்து வணங்கினான்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

வெயில். துணி துவைக்கும்போது அக்கா. தனியாக, பஸ் பிடித்து. என் காஜா பெராங் வீட்டுக்கு அவள் வந்து ஒரு வருடம் இருக்கும். உட்காரவில்லை.

"பத்தொம்பதுன்னு படிச்சியாமே."

"ஆமாக்கா."

"மீதி எங்க?"

என்ன மீதி என்றேன். குரல் எனக்கே திருட்டுக் குரலாகக் கேட்டது.

"லோரி கதவு மோதிருச்சு, லோரி கதவு மோதிருச்சுன்னு வந்து நிப்பாரு. எந்த ஊரு லோரிடா மூஞ்சியிலயே மோதும்? பதிமூணு தடவை. நான்தான் மஞ்சப் பத்து போட்டேன். எண்ணியிருக்கேன்."

நோட்டைப் பார்க்கத் தேவையே இல்லை. ராஜா, வெ. 12, தோ. 1.

"அப்பவே கேட்டிருக்கலாமேக்கா."

"கேட்டா விட்டிருப்பாரு. சண்டை போட்டு வர்ற அன்னிக்குத்தான் அந்த மனுசன் ரெண்டு தட்டு சோறு திம்பாரு, பாட்டுப் பாடுவாரு. பேப்பர் பேப்பரா வெட்டுறியே, இது உனக்குத் தெரியாமலா இருக்கும்னு இருந்தேன். நீ கூட்டத்துல சொல்லுவே, நான் தெரியாத மாதிரியே கேட்டுக்கலாம்னு இருந்தேன்."

அழுதாள். நான் ஈரக்கையோடு நின்றேன். வாய் திறந்தால் அத்தானுக்குச் செய்த சத்தியம்.

போகும்போது வாசலில் திரும்பினாள். "எனக்குத் தெரியும்னு அவருகிட்ட சொல்லிடாத. ஒடைஞ்சிருவாரு. சத்தியம் பண்ணு."

பண்ணினேன்.

இருபது வருடம் ஒரே வீட்டில் இருவரும். நாற்காலி ஜோவுக்கு என்று முடிவாயிற்று. அறிவிப்புத் தாள் அச்சுக்கும் போயாயிற்று.

ரத்னம் பக்கத்தையும் ராஜா பக்கத்தையும் பசை போட்டு ஒட்டினேன். இப்போது ஒரே தாள்.

அடுத்த ஞாயிறு அங்கே சாப்பாடாம். இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.