பங்காளி விலை

28-8-96, புதன்

புதுக் காரை எடுத்து வந்துவிட்டேன். ஷோரூம் விற்பனையாளர் விலையில் துளியும் இறங்கவில்லை. பேச்சுவாக்கில் அவர் எந்தக் கூட்டம், அதாவது எங்கள் சாதிக்குள் எந்தக் குலம் என்று விசாரித்தேன். சொன்னார்.

"அட, நாங்களும் அதே கூட்டந்தானுங்க!" என்று கூசாமல் பொய் சொன்னேன். ஒரே கூட்டமென்றால் குலசாமியும் ஒன்று, அண்ணன் தம்பி முறை.

"அப்பிடீங்களாங்கண்ணா? என்ர கமிஷனை உட்டுப்போடறனுங்க" என்று நாலாயிரம் குறைத்தார். சாவி தரும்போது, தன் மேசையிலிருந்த குலசாமி படத்தை எடுத்து வண்டிக்குள் ஒட்டினார். "நம்ம சாமி காப்பாத்துமுங்க."

வீட்டில் மனைவி கேட்டாள்: "ஏனுங்க, இது யாரு சாமிங்க?"

"ஷோரூம்ல ஒட்டிக் குடுத்தாங்க" என்றேன். இன்றைக்கு நான் பேசியதில் அது ஒன்றுதான் பொய் இல்லை. அதைச் சொல்லும்போதுதான் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.