அவள் ஊசிக்குப் போனாள், நான் வேலைக்குப் போனேன்

ராசா, அம்மா எழுதுகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்கிறாயா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா. இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. உன்னிடம் சொல்லக்கூடாதென்று உன் பெண்டாட்டி என் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கியிருக்கிறாள், என் தலைதானே, போனால் போகட்டும்.

அவளுக்கு மார்பில் புற்றுநோய். பதறாமல் மேலே படி. கட்டி எதுவும் கிடையாது, ஒரு பக்கம் சிவந்து வீங்கித் தோல் ஆரஞ்சுத் தோல் மாதிரி ஆகிவிட்டது, அதில்தான் ஏமாந்துபோனோம். மருந்துக்கடைக்காரன் சூடு என்று சொல்லி இரண்டு மாதம் களிம்பு விற்றான், அவன் மூஞ்சியைச் சாகிறவரை மறக்கமாட்டேன். பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா பார்த்த மாத்திரத்தில் டாக்டரைக் கூப்பிட்டாள். பத்தாயிரத்தில் ஒருத்திக்கு வருகிற நோயாம், நெருப்பு மாதிரி பரவுமாம். மூன்று வாரத்துக்கு ஒரு ஊசியாக ஆறு ஊசி, பிறகு ஆபரேஷன், பிறகு கரண்ட் வைப்பார்களாம், ஒரு தேதியும் தப்பக்கூடாதாம். முடி கொட்டிவிட்டது, அதனால்தான் போனில் உனக்கு முகம் காட்டுவதில்லை.

மூன்றாவது ஊசியன்று காலையில் பார்த்தால் தலையில் துணி கட்டிக்கொண்டு ஆபீஸ் துடைக்கக் கிளம்புகிறாள். இன்னொரு நாள் வராவிட்டால் வேறு ஆள் வைப்பேன் என்று சூப்பர்வைசர் சொன்னானாம். ஏண்டி, உசிர் பெரிசா தொடப்பம் பெரிசா என்றேன். உங்க புள்ள ஏற்கெனவே ரெண்டு வேல பாக்குறாரு அத்தே, என் வேல போனா மூணாவது தேடுவாரு என்றாள். கல்யாணமான புதிதில் என்னைக் கேட்காமல் வீடு மாற்றியவள், அதை இன்னும் மன்னிக்கவில்லை, ஆனாலும் வாசலை மறித்து நின்றுகொண்டேன். பக்கத்து வீட்டுத் தையல்காரியோடு அவளை ஆஸ்பத்திரிக்குத் துரத்திவிட்டு அவள் வேலைக்குப் போடுகிற நீலச் சட்டையை மாட்டிக்கொண்டு நான் போனேன். அந்தச் சூப்பர்வைசர் ஆள் முகமா பார்க்கிறான், சட்டையைத்தான் எண்ணுகிறான். மூன்றாம் மாடி துடைக்கும்போதுதான் பிடித்தான். யாரு கெழவி நீ என்றான். அவ மாமியார், அவ ஊசிக்குப் போயிருக்கா, தரையில அழுக்கு இருந்தா சொல்லு என்றேன். குனிந்து குனிந்து பார்த்தான், ஒன்றும் அகப்படவில்லை. ஊசி நாளுக்கெல்லாம் நீயே வா, இடுப்பு ஒடிஞ்சா என்னைக் கேக்காதே என்று போய்விட்டான்.

மீதி மூன்று ஊசிக்கு நான் போதும். ஆபரேஷனுக்குப் போதாது. அவள் கண் விழிக்கும்போது எதிரே என் மூஞ்சி இருந்தால் மறுபடியும் மயக்கம் போட்டுவிடுவாள், நீ இருக்க வேண்டும். லீவு இப்போதே கேட்டுவிடு. வரவேண்டாம் என்று அவள் சொல்வாள், கேட்காதே. இரண்டு பேரும் பல் போகிறவரை சேர்ந்திருந்து சண்டை போடுங்கள், அதுதான் என் ஆசீர்வாதம். ஆபரேஷன் தேதி தெரிந்ததும் தையல்காரியை விட்டுப் போன் செய்யச் சொல்கிறேன், எடுக்காமல் இருக்காதே.

சத்தியத்தை மீறிய
உன் அம்மா