வைக்கோலுக்கு வைத்த கொள்ளி

திருவண்ணாமலை
மார்கழி 6

அன்பு மகள் ஓவியாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் சுகம், அங்கே டப்ளினில் நீயும் மாப்பிள்ளையும் பூஜாக் குட்டியும் குறையில்லாமல் இருக்க அண்ணாமலையார் துணை. தீபம் நல்லபடியாக முடிந்தது, கூட்டம் போன வருஷத்தைவிட ஜாஸ்தி, மூன்று நாள் நம் தெருவுக்குள் ஒரு ஆட்டோ வரவில்லை, அப்பாவின் மாத்திரைக்கு நான்தான் நடந்து போய் வந்தேன். அவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, வாய்தான் கட்டுக்குள் இல்லை. என் முழங்காலைப் பற்றிக் கேட்காதே, அது அப்படியே இருக்கிறது. அந்தக் குளிரில் குழந்தைக்குத் தலைக்கு ஊற்றினால் உடனே துவட்டிவிடு, நீ நர்ஸ் என்பதற்காக நான் சொல்லாமல் இருக்க முடியாது. போனில் பேசாமல் ஏன் இத்தனை பக்கம் என்று நினைப்பாய். இந்தப் பேச்சைப் போனில் எடுத்தால் நீ அழுவாய், இல்லாவிட்டால் நான் கத்துவேன், அதற்குள் உனக்கு டூட்டிக்கு நேரமாகிவிடும். அதனால் எழுதுகிறேன், நிதானமாகப் படி.

உன் அண்ணன் அருள்ராஜ் வீட்டை விட்டுப் போய் வருகிற தையோடு பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அன்றைக்கு அப்பா அவனிடம் 'என் மொகத்துலயே முழிக்காத'ன்னு சொன்னதை நான் இதுவரை குத்திக்காட்டியதில்லை, அவருக்கே அது உள்ளே அறுக்கிறது என்று தெரியும். இப்போது உன் பெரியப்பா முருகையன் தை அமாவாசைக்கு நாள் குறித்துவிட்டார். காணாமல் போனவன் பன்னிரண்டு வருஷம் திரும்பாவிட்டால் வைக்கோலில் ஆள் உயரத்துக்கு உருவம் கட்டி, பாடையில் கிடத்தி, சுடுகாட்டில் கொள்ளி வைத்துக் காரியம் முடிப்பது அப்பா வீட்டு வழக்கம், நீயும் கேள்விப்பட்டிருப்பாய். பெரியப்பா சொன்னதும் அப்பா தலையாட்டினார். நீயும் போன மாதம், 'முடிச்சிடுங்கம்மா, அண்ணிக்காவது ஒரு வழி பொறக்கும்'னு சொன்னாய். நான் பட்டென்று போனை வைத்தது கோபத்தில்தான், மறைக்கவில்லை. பெற்ற நான் ஒருத்தி வேண்டாம் என்கிறேன், மற்ற எல்லோரும் சரி என்கிறீர்கள். நான் அழுததைப் பார்த்துப் பெரியப்பா என்னைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு, 'இது என்ன புதுசா? எங்க தாத்தாவோட அண்ணன் சடையன்னு ஒருத்தரு, ரங்கூன் போனவரு வரவேயில்ல, அவருக்கும் இப்படித்தான் பண்ணாங்க, குடும்பம் நல்லாத்தான இருக்குது'ன்னார். சரி, அந்தச் சடையன் யார், என்ன ஆனார் என்று கேட்டேன். பெயருக்கு மேல் அவருக்கு எதுவும் தெரியவில்லை, அப்பாவுக்கு அந்தப் பெயரே புதுசு. முப்பத்திரண்டு வருஷம் தாலுகா ஆபீஸ் பதிவறையில் தூசி தின்றவள் நான். என் பிள்ளையைக் கொளுத்துவதற்கு ஒரு ஆளைச் சாட்சிக்கு இழுத்தால், அந்த ஆள் யார் என்று பார்க்காமல் விடுவேனா.

வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசுக்குப் போய் மனு எழுதிக் கொடுத்து அப்பா ஊரின் பழைய நிலப் பதிவேடுகளைக் கேட்டேன். அங்கே இப்போது சினேகா என்று ஒரு பெண் இருக்கிறாள், என்னிடம் வேலை பழகியவள், பொறுமைசாலி. 1933-ல் ஒரு பெயர் மாற்றம் அகப்பட்டது. சடையன் முந்தின வருஷம் காலஞ்சென்றபடியால் அவர் நிலம் தம்பி அருணகிரி பெயருக்கு மாறுகிறது என்று இருந்தது. அருணகிரி அப்பாவின் தாத்தா. அப்படியானால் பெரியப்பா சொன்னதுதான் சரி என்று மனம் விட்டுப்போய் வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன், அன்றைக்கு அப்பாதான் உப்புமா கிண்டினார், அதைப் பற்றி எழுத வேண்டாம். நாலு நாள் கழித்து சினேகா போன் பண்ணி, 'மேடம், டவுன் எறப்புப் பதிவேட்டுல உங்க ஆளு இன்னொரு தடவ செத்திருக்காரு'ன்னாள். முழங்கால் வலியை மறந்து ஆட்டோ பிடித்து ஓடினேன். 1951 ஆகஸ்ட். பெயர் சடையன், தகப்பன் பெயர் அதே, சொந்த ஊர் அதே, வயது ஐம்பத்தெட்டு, தொழில் ஜட்கா குதிரை பராமரிப்பு, காரணம் காய்ச்சல். தகவல் கொடுத்தவர் ரியாசுதீன், ஜட்கா வண்டிக்காரர். வேறு யாராவது இருக்கும் என்று நானும்தான் நினைத்துப் பார்த்தேன், இந்தப் பக்கம் சடையன்களுக்கா பஞ்சம். ஆனால் தகப்பன் பெயர், ஊர் இரண்டும் ஒத்து, வயதும் சரியாக வருவது சும்மா நடக்காது. வைக்கோலைக் கொளுத்திப் பத்தொன்பது வருஷம் கழித்து அந்த மனுஷர் நிஜமாகச் செத்திருக்கிறார்.

பள்ளிவாசலில் விசாரித்தேன். ரியாசுதீனின் பேரன் அப்ரோஸ் தேரடி வீதிப் பக்கம் மெத்தைக் கடை வைத்திருக்கிறார், அவருக்கே அறுபது தாண்டிவிட்டது. சடையன் என்றதும் கையிலிருந்த ஊசியைக் கீழே வைத்துவிட்டார். 'எங்க வாப்பா சாகற வரைக்கும் அவரப் பத்திப் பேசுவாரும்மா, லாயத்துல அவர் மடியிலதான் வளந்தாராம், அவரத் தேடிக்கிட்டு ஒருத்தர்கூட வந்ததில்லன்னு சொல்லுவாரு'ன்னார். அவர் சொன்னதைத்தான் உனக்கு எழுதுகிறேன். சடையன் ரங்கூனில் வியாதியில் விழுந்து, வேலை போய், எழுதப் படிக்கத் தெரியாமல், ஊர் திரும்பப் பதினைந்து வருஷம் ஆகியிருக்கிறது. ஊருக்குள் நுழைந்ததும் பார்த்தவர்கள் அலறிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். வீட்டு வாசலில் தம்பி அருணகிரி குறுக்கே நின்று, 'இந்தக் கையாலதான் உனக்குக் கொள்ளி வெச்சேன், செத்தவன் படியேறினா வீடு தாங்காது'ன்னு சொல்லிவிட்டார். உள்ளே சடையனின் மனைவி தாலி அறுத்து வெள்ளைப் புடவையில் இருந்திருக்கிறார், அந்த அம்மாவை வெளியே விடாமல் இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்களாம். இவர் குடிக்கத் தண்ணீர் கேட்டார், செம்பைத் தரையில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். வந்த வழியே டவுனுக்கு நடந்து ஜட்கா நிற்கும் இடத்தில் உட்கார்ந்தவரை ரியாசுதீன் கூப்பிட்டுக் குதிரைக்குப் புல் போட வைத்துக்கொண்டார். பதினாறு வருஷம் அங்கேயே. ஊர் இருப்பது பத்து மைலில். தீபத்துக்கு ஊர்க்காரர்கள் வண்டி கட்டி வரும் நாளில் லாயத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்வாராம், தன்னைப் பார்த்து யாரும் பயந்துவிடக் கூடாது என்று. அவர் செத்ததும் ரியாசுதீன் ஊருக்கே போய்ச் சொன்னார். ஒரு தடவை வைத்த கொள்ளியை மறுபடி வைக்கக் கூடாது என்று அருணகிரி வரவில்லை. வண்டிக்காரர்களே தூக்கிப்போய் ஈசானியத்துச் சுடுகாட்டில் எரித்தார்கள்.

அந்தக் கடையில் பஞ்சு மூட்டையில் உட்கார்ந்து அழுதேன் ஓவியா, அப்ரோஸ் டீ வாங்கி வரச் சொன்னார், அது ஆறிப்போயிற்று. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அருணகிரியைத் திட்டிக்கொண்டு வந்தேன். அப்புறம் யோசித்துப் பார்த்தால் அவரும் கெட்டவர் கிடையாது. அண்ணன் ஆவி அலையக் கூடாது என்று பாசத்தில்தான் செய்தார், நீங்களும் அப்படித்தான் சொல்கிறீர்கள். ஆனால் செய்துவிட்ட பிறகு அதைத் திரும்ப எடுக்க அவர்களுக்கு ஒரு வழியும் தெரியவில்லை. எனக்குப் பயம் அதுதான். அருள்ராஜ் உயிரோடு இருக்கிறான் என்று நான் சாதிக்கவில்லை, எனக்குத் தெரியாது. பதிவறையில் தேதி தெரியாவிட்டால் அந்தக் கட்டத்தைக் காலியாக விடுவோம், நாமாக ஒன்றை எழுதிவிட மாட்டோம். அதே போல இதையும் விட்டுவிடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

உன் அண்ணி ஆர்த்தியைப் பற்றி நீ சொன்னது மட்டும் எனக்கு உறைத்தது. அவளுக்கு முப்பத்தைந்து ஆகிறது, ரமணாசிரமம் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுஸில் ரிசப்ஷனில் இருக்கிறாள், இன்றைக்கும் மாதம் ஒரு தடவை வந்து எனக்குத் தலைவாரி விட்டுப் போகிறாள். அங்கேயே வேலை செய்கிற ராஜா என்ற பையன் அவளைக் கேட்டிருக்கிறான், நல்ல பையன், நான் போய்ப் பார்த்தேன். இவள்தான், 'அவருக்குக் காரியம் ஆகாம நான் எப்படி அத்தை'ன்னு தயங்குகிறாள். வக்கீலிடம் கேட்டேன். ஏழு வருஷம் ஒரு தகவலும் இல்லாவிட்டால் அதைச் சொல்லியே கோர்ட்டில் விவாகரத்து வாங்கலாமாம், வைக்கோலும் வேண்டாம் கொள்ளியும் வேண்டாம். என் மகனைச் சாகடித்துத்தான் அவளுக்கு வாழ்வு வர வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பொங்கல் கழிந்ததும் நானே அவளைக் கூட்டிக்கொண்டு போய் மனு போடப் போகிறேன்.

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டிவியை அணைத்துவிட்டுக் கேட்டார், இரண்டு நாள் சாப்பாட்டுக்கு உப்பு கம்மி என்றுகூடச் சொல்லவில்லை. பெரியப்பாவுக்குப் போனில் சொன்னால், 'பழைய காகிதத்தப் பொரட்டி எங்க தாத்தாவக் குத்தவாளியாக்கறியா'ன்னு சத்தம் போட்டார். நேற்றுக் காலை வாக்காளர் பட்டியல் சரிபார்க்க ஒரு பெண் வந்தாள். எங்கள் பெயரை எல்லாம் கேட்டு எழுதிவிட்டு, 'அருள்ராஜ்னு ஒருத்தரு இருக்காரே, இங்கதான் இருக்காரா, இல்ல எறந்துட்டாரா'ன்னாள். நான் மாவுக் கையோடு சமையலறையிலிருந்து வருவதற்குள் அப்பா, 'எறந்துட்டான்னு மட்டும் எழுதாதம்மா. வெளிய போயிருக்கான். எப்ப வருவான்னு தெரியல'ன்னு சொல்லிவிட்டார். அவர்கள் விதிப்படி பெயர் நிற்குமோ போகுமோ, அது வேறு. அவள் போனதும் அவரே பெரியப்பாவைக் கூப்பிட்டு, 'அமாவாசைக்கு யாரும் வர வேணாம்ணா'ன்னு சொல்லிப் போனை வைத்தார். பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக என் முன்னால் அழுதார்.

பெரியப்பா உன்னைக் கூப்பிடுவார். தங்கை சம்மதித்துவிட்டாள் என்று ஒரு சொல் கிடைத்தாலும் அவருக்குப் போதும், அதைக் கொடுத்துவிடாதே. மரியாதையாகவே பேசு, மாட்டேன் என்று மட்டும் சொல். மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசி, பூஜாவுக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம். நீங்கள் மூவரும் நோய் நொடியில்லாமல் நிறைந்து இருக்க வேண்டும். கடைசியாக ஒன்று, மறந்துவிடாதே. ஆர்த்திக்கு நீயே போன் பண்ணி, ராஜாவைத் தைரியமாகக் கட்டிக்கொள்ளச் சொல், நாத்தனார் வாயால் கேட்டால்தான் அவள் நம்புவாள். அருள்ராஜ் ஒரு நாள் வந்து, ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டால், பதில் சொல்ல வேண்டியவள் நான். முதலில் உள்ளே கூப்பிட்டுச் சோறு போடுகிறேன், அப்புறம் சொல்லிக்கொள்கிறேன்.

இப்படிக்கு
உன் அம்மா
சரோஜா