கடைசியில் ஒரு வெறும் பூஜ்யம்

ஜூன் 4

அக்காவுக்கு,

நலம் விசாரிக்கக்கூட நேரமில்லை. ஆஸ்பத்திரிக்காக நீ எழுதித் தந்து, எங்கள் கம்பெனியில் என் பெயரில் நான் கொடுத்த அபாய மணி ப்ரோகிராம், புது மெஷினுக்கு மாற்றிய மூன்றாம் நாளே படுத்துவிட்டது. நர்ஸ்களை வரிசையாக அழைக்க வேண்டியது, ஒருத்தரையும் அழைக்கவில்லை. ஒரு பெரியவர் இருபது நிமிடம் மூச்சுக்குத் தவித்திருக்கிறார். பிழைத்துவிட்டார். சரியாகச் சோதிக்கவில்லை என்று டெஸ்டிங் பெண்ணை வேலையிலிருந்து தூக்கப் போகிறார்கள். பழைய மெஷினில் ஓடியது இதில் ஏன் ஓடவில்லை? சீக்கிரம் பார்த்துச் சொல். எழுதியது நீ என்று இங்கே யாருக்கும் தெரியாது, பயப்படாதே.

தம்பி

ஜூன் 9

அன்புத் தம்பிக்கு, அக்காவின் ஆசிகள்.

அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து பார்த்தேன். தப்பு என்னுடையதுதான். நர்ஸ்களின் பெயர்ப் பட்டியல் முடிந்தது என்று சொல்ல, கடைசியில் வெறும் பூஜ்யம் போட்டேன். அங்கே வர வேண்டியது வெற்றுச் சுட்டி, அதாவது எந்த இடத்தையும் காட்டாத முகவரி. பட்டியலை வாங்கி நர்ஸ்களை அழைக்கும் ஃபங்ஷனுக்கு, எத்தனை பெயர், என்ன வகை வரும் என்று முன்கூட்டிச் சொல்வதில்லை. நாம் எழுதுவதை மெஷின் மொழிக்கு மாற்றும் கம்பைலருக்கு அந்தப் பூஜ்யம் ஒரு சுட்டி என்று எப்படித் தெரியும்? சாதாரண எண்ணாகவே அனுப்பிவிட்டது. பழைய மெஷினில் எண்ணும் சுட்டியும் ஒரே அளவு, தப்பித்தோம். புதிதில் சுட்டி இரண்டு மடங்கு அகலம். மீதிப் பாதியில் கண்ட குப்பையும் வந்து உட்கார, பட்டியலின் முடிவே தெரியாமல், முதல் நர்ஸை அழைக்கும் முன்பே ப்ரோகிராம் விழுந்துவிட்டது. அந்தப் பூஜ்யத்தைச் சுட்டியாக வகை மாற்றி எழுது. வெற்றுச் சுட்டிக்கென்றே வைத்திருக்கும் 'நல்' என்ற சொல்லை எழுதினாலும் போதாது. சில கம்பைலர்களில் அதுவும் வெறும் பூஜ்யம்தான்.

அந்தப் பெண் மேல் பழி இல்லை என்று மேனேஜரிடம் சொல்லிவிடு கண்ணா. சாமி முன்னால் உட்கார்ந்தால் மனசு அந்த வரியிலேயே போய் நிற்கிறது.

அக்கா

ஜூன் 13

அக்கா,

நல்லா இருக்கே கதை! "வேலைக்கே போகாத எங்க அக்கா சமையலறையில உட்கார்ந்து எழுதினா சார்"னு போய்ச் சொல்லட்டுமா? சிரிச்சுட்டு என்னையும் சேர்த்து அனுப்புவாங்க. இப்போதே திருத்தினால், தப்பு எங்கே என்று உனக்கு எப்படித் தெரிந்தது என்று என்னைக் குடைவார்கள். அந்தப் பெண் போகட்டும், அடுத்த மாதம் மெதுவாகத் திருத்தத்தைப் போடுகிறேன். அதுவரை நர்ஸ்கள் சுற்றிப் பார்த்துக்கொள்வார்கள். நீ வாயைத் திறக்காதே.

தம்பி

ஜூன் 17

தம்பிக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். உன் மேனேஜருக்கும் ஆஸ்பத்திரிக்கும் இன்று காலை எழுதிப் போட்டுவிட்டேன். வரியை எழுதியவள் நான், திருத்தம் இதுதான், அந்தப் பெண் நிரபராதி என்று. நீ சொன்ன எதையும் எழுதவில்லை. அதை நீதான் சொல்ல வேண்டும்.

இனி என்னை அக்கா என்று கூப்பிடாவிட்டாலும் பரவாயில்லை. என் கடிதம் போய்ச் சேர நாலு நாள் ஆகும். அந்த நாலு நாளும் அங்கே ஆட்கள் மூச்சுக்குழாயோடு படுத்திருப்பார்கள். நீ நினைத்தால் ஐந்து நிமிட வேலை.

அக்கா